மலைப்பாதைத் தபால்காரியின் பார்சல்

மார்ச் 4, 2025, செவ்வாய்

காலையில் சீனாவிலிருந்து லின் அக்கா போன். சப்ளையர் கம்பெனி சார்பில் எங்களோடு பேசுகிறவள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குச் சொல்லியிருந்த வெங்காயம் தரம் பிரிக்கும் மெஷின் எப்போது கப்பல் ஏறும், ஏன் தாமதம், எல்லாவற்றையும் சீனத்திலேயே பேசி முடித்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து முதலாளி கிதர் முகம்மது பாய் தலையாட்டினார். பெருமையாகத்தான் இருந்தது. மதியம் அந்த மெஷினுக்கான கையேடு வந்தது. முதல் பக்கத்திலேயே முழி பிதுங்கிவிட்டது.

பேச வருகிறது, படிக்க வரவில்லை. சீன மொழியில் மூன்றாம் நிலைப் பரீட்சை பாஸ் செய்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. சின்னப் பிள்ளைக் கதை படித்தால் சலிக்கிறது. செய்தி படித்தால் பாதி புரிவதில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம், நானும் ஜீவிதாவும்.

எதிர் மேஜைதான் அவள். கல்லூரியில் ஒரே பெஞ்சு, இங்கே ஒரே பில்லிங், சீனமும் ஒரே ஆன்லைன் வகுப்பு. மதியம் வெஞ்சனம் மாற்றிக்கொள்ளாமல் நாங்கள் சாப்பிட்டதே கிடையாது. நம்ம தரத்துக்குத் தகுந்தாற்போல் கதை எழுதித் தருகிற வாசிப்பு ஆப்கள் இருக்கிறதாம். மூன்று பார்த்து வைத்திருக்கிறாள். ஒரு வாரம் இலவசம். அதற்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

மூன்றையும் பார்த்தாயிற்று.

கொக்குப் படம் போட்டது: வெறும் செய்திகள். வெளியே மூன்றாம் நிலை என்கிறான், உள்ளே எல்லாம் ஐந்தாம் நிலை வார்த்தை. வேண்டாம்.

பச்சை ஆப்: பார்க்கவே அழகு. ஒவ்வொரு சீன எழுத்தின் தலைக்கு மேலும் அதன் உச்சரிப்பை இங்கிலீஷ் எழுத்தில் போடுகிறான். பின்யின் என்பார்கள். தொட்டால் முழு வாக்கியத்துக்கும் அர்த்தம். ஒரு பெண் குரல் வாசித்தும் காட்டுகிறது. படுத்துக்கொண்டே படிக்கலாம்.

சாம்பல் நிற ஆப்: ஒரு அலங்காரமும் கிடையாது. பின்யினும் கிடையாது. பக்கத்துக்கு இரண்டு மூன்று புது வார்த்தை, அதையே திரும்பத் திரும்பக் கொண்டு வருகிறான். ஒரே நீளக் கதை, அத்தியாயம் அத்தியாயமாக. மலைப்பாதையில் நடந்து தபால் கொடுக்கிற ஒருத்தி. முகவரி அழிந்துபோன ஒரு பார்சலைச் சுமந்துகொண்டு, யாருக்கு இது என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு போகிறாள். முதல் அத்தியாயத்தில் திணறிவிட்டேன். ஆனால் இரண்டாவதில் ஒரு எழுத்தைப் பார்த்தேன், பார்த்த உடனே சத்தம் தானாக வாயில் வந்தது. அடடா என்றிருந்தது.

எனக்கு இதுதான். ஜீவிதாவிடம் சொல்ல வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

சர்ச்சில் இரண்டாம் பூசையில் மன்றாட்டு ஜெபம் வாசிக்க டெய்சி. காலேஜ் பிள்ளை, சின்னதிலிருந்து இங்கிலீஷ் மீடியம். கையிலிருந்த தாளைப் பார்த்தால் தமிழ் முழுக்க இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். வாசகர் குழுவுக்கு நான் பொறுப்பேற்றதிலிருந்து எல்லாப் பிள்ளைகளோடும் இதே போராட்டம்தான். தாளைப் பிடுங்கிக்கொண்டு புத்தகத்தைக் கொடுத்தேன்.

"தப்பா வந்துருங்க்கா" என்றாள்.

"வரட்டும். அந்தத் தாளப் பாத்து வாசிச்சேன்னா ஆயுசுக்கும் உனக்குத் தமிழ் வாசிக்க வராது."

திக்கித் திணறித்தான் வாசித்தாள். ஒரு இடத்தில் நின்றே போனாள். பங்குச்சாமியார் திரும்பி என்னைப் பார்த்தார். பார்க்கட்டும்.

மார்ச் 12, புதன்

பச்சை ஆப் என்று முடிவாகிவிட்டது.

நான் சாம்பல்தான் என்று சொன்னேன். ஜீவிதா கேட்கவில்லை. "ஏம்புள்ள, வீட்டுக்குப் போயி சமைச்சு, பாப்பாவத் தூங்க வெச்சு, அப்பறம் இதோட மல்லுக்கட்டப் போறியா? ரெண்டு வாரத்துல விட்டுருவ" என்றாள். நான் அப்படிப்பட்டவள்தான். ஹிந்தி வகுப்பை அப்படித்தான் விட்டேன். இரண்டு பேரும் ஒரே கதை படித்தால்தானே மறுநாள் பேச முடியும் என்றும் சொன்னாள். அது எனக்குப் பிடித்திருந்தது. அவளே என் போனில் எல்லாம் சரிசெய்து கொடுத்தாள். பின்யினை அணைக்க ஒரு பொத்தான் இருந்தது. அணைத்துவிடலாமா என்று கேட்டேன். இப்ப என்ன அவசரம், மெதுவா ஆகட்டும் என்றாள்.

என்மேல் எவ்வளவு அக்கறை இவளுக்கு.

மார்ச் 13

தபால்காரி கதை இரண்டாம் அத்தியாயத்தோடு பூட்டிக்கொண்டது. அந்தப் பார்சலில் என்னதான் இருக்கும்?

ஏப்ரல் 22, செவ்வாய்

ஈஸ்டர் லீவு முடிந்து ஆபீஸ். கேக் கொண்டுபோனேன். ஜீவிதா முருங்கைக்காய்ப் பொரியல். சாப்பிடும்போது மறுபடி அந்தப் பார்சல் பேச்சு. இது எங்களுக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. தபால்காரியின் காதல் கடிதமாக இருக்கும் என்றாள் அவள். போன வாரம் அஸ்தி என்றாள், செத்துப்போன யாரோ ஒருவருடையது.

நான் செருப்பு என்றேன். "அம்புட்டு மலை ஏறி எறங்குறவளுக்கு எவனோ ஒரு புண்ணியவான் செருப்பு வாங்கி அனுப்பியிருப்பான். அட்ரஸ் அழிஞ்சதால அது தனக்குத்தான்னு அவளுக்கே தெரியல."

சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். "செருப்பாடி? போடி" என்றாள். நானும் சிரித்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

பச்சை ஆப்பில் நாலாம் நிலைக்குப் போய்விட்டேன்! தேநீர்க் கடைக்காரர் கதையை ஒரே மூச்சில் படித்தேன். அந்தப் பெண் குரலோடு போட்டி போட்டுக்கொண்டு வாசிக்கிறேன். செபஸ்தியான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டு, "நீ பொறந்ததே அங்கதான் போல" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் வாயிலிருந்து வந்த பாராட்டு, குறித்து வைக்கிறேன்.

ஜூலை 18, வெள்ளி

பாய் இரண்டு பேரையும் கூப்பிட்டார். இனிமேல் மெஷின் பொருத்துவது, ரிப்பேர் எல்லாம் நாமே பார்க்கப்போகிறோமாம். எங்களில் ஒருவர் சீனா போய் ஃபேக்டரியிலேயே பழகி வர வேண்டும். திரும்பி வந்ததும் சீன வேலை முழுக்க அவர் கையில். மற்றவர் பில்லிங்கில் தொடர்வார். "எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான். லின்னை ஒரு பக்கம் அனுப்பச் சொல்றேன். யாரு நல்லா வாசிக்கிறாங்களோ அவங்க போகட்டும்" என்றார்.

வெளியே வந்ததும் ஜீவிதா என் கையைப் பிடித்து, யார் போனாலும் நாம் மாற மாட்டோம் என்றாள். நிச்சயமாக என்றேன். ஆனால் எனக்குப் போக வேண்டும். இதை இங்கேயாவது ஒளிக்காமல் எழுதுகிறேன். பில்லிங் மேஜையிலேயே நரைத்துவிடுவேனோ என்று எத்தனை நாள் பயந்திருக்கிறேன். பேச்சு எனக்கு, வாசிப்பும் வந்துவிட்டது. ஏன் நான் போகக்கூடாது?

ஜூலை 25, வெள்ளி

வெள்ளைத் தாள். கறுப்பு எழுத்து. மேலே ஒன்றுமில்லை.

எழுத்தெல்லாம் தெரிந்த முகங்கள். பெயர் மட்டும் வரவில்லை. கண் தானாக எழுத்தின் தலைக்கு மேலே போய்த் தேடுகிறது. அங்கே வெறும் தாள். முதல் வரியில் நாலு வார்த்தை சொன்னேன். இரண்டாம் வரியில் நின்றேன். வீடியோவில் லின் அக்கா, மெதுவா, மெதுவா என்கிறாள். அவள் சொன்னது புரிகிறது! அந்தத் தாளில் இருந்ததை அவள் வாயால் சொல்லியிருந்தால் முழுக்க அர்த்தம் சொல்லியிருப்பேன். பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜீவிதா வாசித்தாள். நிறுத்தி நிறுத்தித்தான். ஆனால் கடைசி வரி வரைக்கும்.

ஜூலை 26

எப்படி? ஒரே ஆப். ஒரே கதைகள். நான் மக்கு, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

ஜீவிதா குடோனுக்குப் போயிருந்தாள். அவள் போன் என் மேஜையில் சார்ஜில் கிடந்தது. திரை எரிந்தது. நான் ஒன்றையும் தொடவில்லை. சாம்பல் ஆப்பின் படம். கீழே இங்கிலீஷில், தபால்காரி கதையைப் படித்து முடித்த உங்களுக்காக இரண்டாம் பாகம் வந்திருக்கிறது என்று போட்டிருந்தது.

முடித்த உங்களுக்காக.

முடிச்சிருக்கா. எனக்குப் பச்சையப் போட்டுக் குடுத்துட்டு, பின்யின அணைக்க வேண்டாம்னு சொல்லிட்டு, அவ மட்டும் அங்க உக்காந்து படிச்சிருக்கா. காலையில எங்கூட தேநீர்க் கடைக்காரர் கதையும் பேசியிருக்கா. ஒரே பெஞ்சுடி. ஒரே டப்பாவுல சாப்டோமேடி.

செபஸ்தியான் என்னவென்று கேட்டார். தலைவலி என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

கேட்டுவிட்டேன். மாடிப்படியில் நிறுத்தி வைத்துக் கேட்டேன். மறைக்கவில்லை. தபால்காரி கதையை எப்போது முடித்தாய் என்றேன். ஈஸ்டருக்கு முன்னாடியே என்றாள்.

"நான் பொய் சொல்லல ராணி. உனக்கு எது சுலபமோ அதத்தான் சொன்னேன்" என்றாள் முதலில். அப்புறம்தான் நிஜம் வந்தது. "லின் அக்கா போன் பண்ணுனா உன்னத்தான கேக்கறா. பாயும் உன்னத்தான கூப்படறாரு. உன் பக்கத்துல நான் சும்மா நிக்கறேன். படிக்கறதாச்சும் எனக்குன்னு இருக்கட்டும்னு நெனச்சேன்."

"எங்கிட்ட சொல்லிட்டுப் படிச்சிருக்கலாம்ல?"

"சொன்னா நீயும் வந்துருவ. ரெண்டே மாசத்துல என்னய தாண்டிருவ."

அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. போட்டி என்று சொல்லியிருந்தால் போட்டி போட்டிருப்பேன், தோற்றும் இருப்பேன். அக்கறை மாதிரி அல்லவா செய்தாள்.

மதியம் வெஞ்சனம் மாற்றிக்கொள்ளவில்லை. அவள் டப்பாவை என் பக்கம் தள்ளினாள். நான் என் புடலங்காயைத் தின்று முடித்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

டெய்சி வாசித்தாள். தாள் இல்லை, புத்தகத்தைப் பார்த்து. இரண்டே இடத்தில் தடுமாறினாள். பூசை முடிந்து வந்து, "அன்னைக்கு நீங்க புடுங்குனதாலதாங்க்கா" என்றாள்.

சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. ஊர்ப் பிள்ளைகளிடமெல்லாம் தாளைப் பிடுங்கினேன். என் போனில் அதையேதான் வைத்துக்கொண்டு தினம் வாசித்தேன். டெய்சியிடம் சொன்னதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லையே. ஜீவிதா நான் டெய்சியைத் திட்டின கதையைக் கேட்டுச் சிரித்தவள். பின்யினைப் பார்த்தே படித்தால் எனக்கு எழுத்து வராது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்காக அவள் செய்தது சரியாகிவிடுமா? ஆகாது.

ஆகஸ்ட் 18

பச்சை ஆப்பை அழித்துவிட்டேன். சாம்பலில் சேர்ந்தாயிற்று. அத்தியாயம் ஒன்று.

செப்டம்பர் 24, புதன்

நரக வேதனை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். பாப்பாவுக்கு ஜுரம் என்பதால் மூன்று நாள் அதுவும் இல்லை. விடமாட்டேன். ரெண்டு வாரத்தில் விட்டுவிடுவேன் என்றாளே.

நவம்பர் 10, திங்கள்

ஜீவிதாவுக்கு விசா வந்து இன்று கிளம்பினாள். ஆபீசே வாசலில் நின்றது. நானும் நின்றேன். வாரேன் ராணி என்றாள். நல்லபடியாகப் போய்விட்டு வா என்றேன். சொல்ல வேண்டியதைத்தான் சொன்னேன். ஆட்டோ திரும்பும்வரை என்னையே பார்த்தாள்.

எதிர் மேஜையில் அவளுடைய தண்ணீர் பாட்டில் கிடந்தது. எடுத்துக் கழுவி அலமாரியில் வைத்தேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 17, திங்கள்

புது மெஷினின் கையேட்டைப் பாய் என் மேஜையில் வைத்தார். "ஜீவிதா வர்ற வரைக்கும் கொஞ்சம் பாரும்மா" என்றார். முதல் பக்கம் முழுக்கப் படித்துச் சொன்னேன். நேரம் பிடித்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நவம்பர் 20, வியாழன்

ஜீவிதாவிடமிருந்து மெசேஜ், சீனத்தில். நலமா, இங்கே குளிர், அவர்கள் பேசும் வேகத்தில் பாதி காதில் ஏறவில்லை, உன்னை நினைத்துக்கொள்கிறேன் என்று. எல்லாவற்றையும் பின்யினில், இங்கிலீஷ் எழுத்தில் போட்டிருக்கிறாள். எனக்குப் புரிய வேண்டுமே என்று. இப்போதும் அக்கறை.

பதில் போடாமல் சாம்பல் ஆப்பைத் திறந்தேன். கடைசி அத்தியாயம். ஒரு வார்த்தையையும் தொட்டுப் பார்க்காமல் படித்தேன். தபால்காரி கடைசி ஊரையும் கடந்து திரும்பி வந்து, வேறு வழியில்லாமல் பார்சலைப் பிரிக்கிறாள். உள்ளே அவள் பெயர் எழுதிய ஒரு சீட்டு. சீட்டுக்கு அடியில் இருந்தது என்னவென்று சொல்ல இரண்டே எழுத்து, தலைக்கு மேல் ஒன்றும் இல்லாமல். பார்த்த உடனே வாயில் வந்தது.

செருப்பு.

ஏப்ரலில், முருங்கைக்காய்ப் பொரியலை முன்னால் வைத்துக்கொண்டு, முழுக் கதையையும் சரியாகச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் படித்து முடித்திருந்தவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். போடி என்று. சீன வேலை கைவிட்டுப் போனது ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்தச் சிரிப்பை என்ன செய்வேன்?

அவளுக்குப் பதில் அனுப்பினேன். அந்த இரண்டு எழுத்து மட்டும். பின்யின் போடவில்லை.

பார்த்துவிட்டாள் என்று காட்டுகிறது. இன்னும் பதில் வரவில்லை.