ஸ்வாப்புக்கு விட்ட இடம்

புள்ள,

அச்சகத்துக்குப் புது யூனிக்ஸ் கம்ப்யூட்டர் மெஷின் வந்திருக்கிறது. டிஸ்க்கை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று திரையில் கேட்டுக்கொண்டு நிற்கிறது. பார்த்ததும் எனக்கு ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது. இது நீ செய்ய வேண்டிய வேலை.

பழைய மெஷினின் டிஸ்க்கை நீ பிரித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து காலண்டர் படம் ஒன்றுக்கு அச்சுக்காக நிறம் பிரித்துக்கொண்டிருந்தேன். முதலில் பூட் என்று ஒரு சின்னப் பகுதி. "இதுல ஒரு படமும் வைக்கக் கூடாது புள்ள. எது ரொம்பி வழிஞ்சாலும் மெஷின் எந்திரிச்சிரணும்" என்றாய். அடுத்து ஸ்வாப்புக்குத் தாராளமாக இடம் விட்டாய். மீதிதான் படங்களுக்கு.

முதலாளி அண்ணாச்சி பின்னால் வந்து நின்றார். அச்சகம் போக, தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியும் அவருக்கு உண்டு. காலியிடம் கண்ணில் பட்டால் கை அரிக்கும் மனுஷன்.

"என்னம்மா, இம்புட்டு இடம் சும்மா கெடக்கு?"

"சும்மா இல்ல அண்ணாச்சி. மெமரி ரொம்பிட்டா வேலை ஒதுங்குற இடம். இது இல்லேன்னா மெஷினுக்கு மூச்சு முட்டிரும்."

"அதெல்லாம் சரி. சீசன்ல இடத்தக் காலியாப் போட்டவன் எவன் பொழச்சான்?"

நீ வீட்டுக்குப் போனதும், வேறு ஆளை வைத்து ஸ்வாப்பை அழித்து அங்கே படங்களை ஏற்றிவிட்டார். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாக வேண்டும். முந்தின நாள் முருகன் படத்தைத் திறந்ததும் மெமரி நிரம்பி மெஷின் அப்படியே உறைந்துவிட்டது. பூட் பகுதியில் யாரும் கை வைக்காததால் மறுபடி எழுந்தது. படங்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றி, ஸ்வாப்பைத் திரும்ப அமைத்தாய். "அப்பவே சொன்னேன்ல அண்ணாச்சி" என்றாய், எல்லார் முன்னாலும். ஆல்பம் நேரத்துக்கு வந்தது. உனக்கு வாய் நீளம் என்று பட்டாசுக் கம்பெனி ஆபீசுக்கு மாற்றிவிட்டார்.

தீபாவளிக்கு முன் போனில் சொன்னாய்: "இங்கன ரூமுக்கும் ரூமுக்கும் நடுவுல, தீ தாவாம இருக்கக் காலியா விட்ட இடத்துலயும் பட்டாசுப் பெட்டிய அடுக்கிட்டாக புள்ள. லோடு ஏறுற வரைக்கும்தானன்னு அண்ணாச்சி சொல்றாக. ஒரு பொறி விழுந்தா என்னாகும்? நாளைக்கும் கேக்கத்தான் போறேன்."

நீ கேட்டிருப்பாய். யார் காதில் ஏறியது? அந்த வாரமே ஒரு ரூமில் பிடித்த தீ, அந்தப் பெட்டிகள் வழியாக உன் ஆபீஸ் வரை வந்தது. மெஷினை எழுப்ப ஒரு பகுதி இருந்தது, உன்னை எழுப்ப ஒன்றும் இல்லை. மாலையோடு வந்த அண்ணாச்சி "விதிம்மா" என்றார். விதியாம்!

பூட் பகுதிக்கு நீ விட்டபடியே விட்டேன். ஸ்வாப்புக்கு நீ விட்டதைப் போல இரண்டு பங்கு. பின்னால் அண்ணாச்சியின் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பாமலே சொன்னேன்: "இது அவ விடச் சொன்ன இடம் அண்ணாச்சி."

"கெடக்கட்டும்மா" என்றார்.

அந்த ரூம்களுக்கு நடுவே இருந்த காலியிடத்தைப் பார்த்து இந்த ஒரு சொல்லை அவர் அன்றைக்குச் சொல்லியிருந்தால் நீ இருந்திருப்பாய். இனி எத்தனை மெஷின் வந்தாலும் இந்த இடத்தை விடுவேன் புள்ள, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே விடுவேன்.