படிக்காமல் விட்ட ஒரு லேபிள்

சிட்லபாக்கம்,
ஐப்பசி, மழை சற்று விட்ட வியாழக்கிழமை.

அன்புள்ள மிருதுளாவுக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம். ஆறு மாதமாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்த நலம் இல்லை இது, லேப் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிற நலம். அங்கே நீயும் மாப்பிள்ளை ஷ்யாம்சுந்தரும் குழந்தை ஸ்ம்ருதியும் எப்படி இருக்கிறீர்கள் என்று உள்ளதை உள்ளபடி எழுது. போன வாரம் வீடியோவில் உன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது, கேட்டால் கேமரா அப்படிக் காட்டுகிறது என்றாய். எனக்கு அந்தக் கேமரா மேலும் நம்பிக்கை இல்லை, நீ சொன்னதன் மேலும் இல்லை. காலையில் ஏதோ பவுடரைக் கலக்கிக் குடித்துவிட்டு ஆபீசுக்கு ஓடுவதாக உன் அம்மாவிடம் சொன்னாயாமே, அது என்ன பவுடர், டப்பாவின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது, அதைப் போட்டோ எடுத்து அனுப்பு. முன்பக்கம் வேண்டாம், முன்பக்கத்தில் எல்லாரும் நல்லதைத்தான் எழுதுவார்கள்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், நான் உடனே பேச்சை மழைக்கு மாற்றிவிடுவேன். எழுதினால் திரும்பப் படித்துச் சரிபார்க்கலாம். போல்ட் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவன், என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டி கேட்டைத் தாண்டியதில்லை. இதையும் இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுவேன். விஷயம் உன் அம்மாவைப் பற்றியது, அவள் இப்போது தேறிவிட்டாள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாமல் மேலே படி.

பொங்கலுக்கு வந்து நீ திரும்பிப் போன பிறகு மார்ச் மாதத்திலிருந்தே அவளுக்கு உடம்பு சரியில்லை. உன்னிடம் கொஞ்சம் அசதி என்றுதான் சொன்னோம், அது கொஞ்சம் இல்லை. சாயங்காலம் ஏரியைச் சுற்றி மூன்று சுற்று நடக்கிறவள் ஒரு சுற்றிலேயே பெஞ்சைத் தேடினாள். ஏழு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கினாள். சீப்பு நிறைய முடி. குரல் கம்மிப்போய் அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் வேறு யாரோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. ஒருநாள் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டு, அதற்காக அடுப்பங்கரையில் நின்று அழுதாள். உன் அம்மா உப்புக்கெல்லாம் அழுகிற ஆளா? இவள் என்னைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறாளோ என்று பயந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஸ்டேஷன் பக்கத்து டாக்டரம்மாவிடம் மே மாதம் கூட்டிப்போனேன். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு எண் எகிறியிருந்தது. பன்னிரண்டு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவளுக்கு எப்படி எகிறும் என்று டாக்டரம்மாவே யோசித்தார், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒருநாள் தவறியதில்லை டாக்டர், நானே கையால் எடுத்துக் கொடுக்கிறேன் என்றேன். அந்த எண் ஏறினால் மாத்திரை பற்றவில்லை என்று அர்த்தமாம், அளவைக் கூட்டி எழுதினார். ஜூலையில் பார்த்தால் இன்னும் ஏறியிருந்தது. அன்றைக்கு ஆரம்பித்தது என் சந்தேகம், அதற்கு முன்னால் அரைத்தூக்கத்தில் இருந்தது, அன்றைக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டது. முதலில் மருந்துக் கடையைச் சந்தேகப்பட்டேன், கடையை மாற்றினேன். பிறகு லேபைச் சந்தேகப்பட்டு, ஒரே நாளில் குரோம்பேட்டையில் ஒன்று, செலையூரில் ஒன்று என்று இரண்டு இடத்தில் அவள் கையில் ஊசி குத்தவைத்தேன். இரண்டும் ஒரே மாதிரி வந்தது. அப்புறம்தான் என் பார்வை சமையலறை மேடையில் இருந்த அந்த ஓவன் மேல் விழுந்தது.

இரண்டாவது தெரு ஞானஜோதி டீச்சரை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு குடிவந்தவர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், சனிக்கிழமை தோறும் அசோசியேஷன் ஹாலில் மைதா இல்லாமல், வெள்ளைச் சர்க்கரை இல்லாமல், முட்டை இல்லாமல் கேக்கும் பிஸ்கட்டும் செய்யச் சொல்லிக் கொடுக்கிறார். உன் அம்மா பிப்ரவரியில் சேர்ந்தாள். கேழ்வரகு பிஸ்கட், கோதுமை வாழைப்பழக் கேக், தினை மாவு ரொட்டி என்று வீடு முழுக்க வாசனை. நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மைதாவும் முட்டையும் இல்லாமல் ஒரு கேக் எப்படி அவ்வளவு உயரம் உப்புகிறது என்பது என் கேள்வி. தயிரும் சமையல் சோடாவும்தான் என்றாள் உன் அம்மா. நான் நம்பவில்லை. நாட்டுச் சர்க்கரை என்றால் சத்து, வெள்ளைச் சர்க்கரை என்றால் விஷம் என்கிறார்கள், வயிற்றுக்குள் போன பிறகு சர்க்கரைக்குத் தன் சொந்த ஊர் ஞாபகம் இருக்குமா? டீச்சர் தானே அரைத்துத் தரும் சத்துமாவில் பதினான்கு தானியம் என்றார், நான் தட்டில் கொட்டிக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன், மாவாக அரைத்த பிறகு பதினான்கை எங்கே எண்ணுவது?

கம்பெனியில் ஒவ்வொரு லாட் சரக்கிலிருந்தும் ஒரு சாம்பிளை எடுத்துத் தேதி போட்டு வைப்போம், பின்னால் புகார் வந்தால் பார்க்க. அதே மாதிரி ஒவ்வொரு கேக்கிலிருந்தும் ஒரு துண்டை வெட்டி, காலி ஊறுகாய் பாட்டிலில் போட்டு, தேதி எழுதி ஒட்டி என் அலமாரியில் அடுக்கினேன். பதினேழு பாட்டில் சேர்ந்தது. பாத்திரம் தேய்க்க வருகிற அங்காளம்மாள் அலமாரிக்கு முன்னால் நின்று, இன்னா சார் இது, எறும்புக்கு ரேஷன் கடை வெச்சிகினு கீறீங்களா என்றாள். பக்கத்து பிளாட் ஏகநாதனின் மருமகனுக்கு உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, அவனிடம் மூன்று பாட்டிலும் அரைக் கிலோ சத்துமாவும் கொடுத்தேன். வாழைப்பழம், கோதுமை, சோடா, தயிர், மாவில் தானியம் பதினான்கும் இருக்கிறது, கொஞ்சம் கடலையும் இருக்கிறது மாமா, வேறு ஒன்றும் இல்லை என்றான். அவனும் டீச்சரிடம் சத்துமாவு வாங்குகிற வீடுதானே என்று அவனையும் சேர்த்துச் சந்தேகப்பட்டேன்.

இதற்கு அடுத்ததாக நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில், ஆரோக்கியம் என்ற பெயரில் நம் காலனிக்குள் என்னென்னவோ நுழைகிறது, தின்று உடம்பைக் கெடுத்துக்கொண்டவர் என் வீட்டிலேயே இருக்கிறார், பெண்கள் உஷாராக இருக்கவும் என்று எழுதிவிட்டேன். பெயர் போடவில்லை, போடாமலே எல்லாருக்கும் புரிந்தது. அந்தச் சனிக்கிழமை நான்கு பேர் வகுப்புக்குப் போகவில்லையாம். உன் அம்மா ஓவனைத் துடைத்து, துணி போட்டு மூடி, பரண் மேல் ஏற்றச் சொன்னாள். என்னோடு சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அதற்குக்கூட அவளிடம் தெம்பு இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை. பிப்ரவரியில் நீ அனுப்பினாயே ஏழு மூடி வைத்த மாத்திரை டப்பா, கால்சியம், இரும்புச் சத்து, வைட்டமின் பாட்டில்கள் எல்லாம், அவை வந்த நாளிலிருந்து அந்த டப்பா என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை தோறும் மேஜையில் துணி விரித்து, ஒவ்வொரு மூடிக்குள்ளும் நீ அனுப்பிய மூன்று, அவளுடைய தைராய்டு மாத்திரை ஒன்று, ஆக நான்கு போட்டு மூடுவேன். வெறும் வயிற்றில் இரும்பு குமட்டுகிறது என்றாள், அதனால் ஆறரை மணிக் காபியோடு நான்கையும் கையில் கொடுப்பேன். அன்றைக்கு நான் கொடுக்கும்போது அங்காளம்மாள் பால் பாத்திரத்தை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். சார், அம்மாவுக்கு மாத்திரை குடுக்கிறீங்களா, சுண்டல் குடுக்கிறீங்களா என்றாள். பிறகு, எனக்கும் அதே தைராய்டு மாத்திரதான் சார், பெரியாஸ்பத்திரி நர்சம்மா கண்டிசனா சொல்லிக்கீது, காலைல எந்திரிச்சதும் வெறும் தண்ணில அத்த மட்டும் போடு, ஒரு மணி நேரம் வரைக்கும் காப்பித்தண்ணிகூடத் தொடாதே, சத்து மாத்திர எல்லாம் மத்தியானத்துக்கு மேல போடுன்னு, நீங்க இன்னாடான்னா எல்லாத்தையும் ஒண்ணா கலந்து குடுக்கிறீங்களே, உள்ள போயி ஒண்ண ஒண்ணு புடிச்சிக்காதா என்றாள். உனக்கு எல்லாம் தெரியுமாக்கும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் போன பிறகு லென்ஸை எடுத்துக்கொண்டு நீ அனுப்பிய கால்சியம் பாட்டிலைத் திருப்பினேன். கீழே பொடி எழுத்தில் இருந்தது. தைராய்டு மருந்து சாப்பிடுகிறவர்கள் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இரும்புப் பாட்டிலிலும் அதே. மிருதுளா, கடையில் வாங்கும் பிஸ்கட் பாக்கெட்டில் பாமாயில் எத்தனை சதவீதம் என்று நின்று படித்துவிட்டுத்தான் கூடையில் போடுவேன், உப்புப் பாக்கெட்டைக்கூடப் படிப்பேன். இந்த வீட்டுக்குள் வந்தவற்றில் நான் படிக்காமல் பிரித்தது நீ அனுப்பிய பெட்டி ஒன்றுதான். மகள் அனுப்பியது என்று இருந்துவிட்டேன். உன்மேல் தப்பு சொல்ல இதை எழுதவில்லை, நீ அனுப்பியது நல்ல மாத்திரை, அவளுக்கு வேண்டிய மாத்திரை. முன்பெல்லாம் அவள் ஐந்தரை மணிக்கு எழுந்து, காபி பில்டர் பக்கத்து டப்பியிலிருந்து தைராய்டு மாத்திரையைத் தானே எடுத்துத் தண்ணீரில் போட்டுக்கொண்டு, கோலம் போட்டு, குளித்துவிட்டு வந்து காபி கலப்பாள். பன்னிரண்டு வருஷம் சரியாக நடந்ததை ஒழுங்குபடுத்துகிறேன் என்று நான்தான் கெடுத்தேன். முப்பத்தோரு வருஷமும் அடுத்தவன் செய்ததைத்தான் செக் பண்ணினேன், நான் செய்ததைச் செக் பண்ண இங்கே யாரும் இல்லை.

டாக்டரம்மாவிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை, இதை நானும் கேட்டிருக்க வேண்டும் என்றார். அளவைப் பழையபடி குறைத்து, தைராய்டு மாத்திரை அதிகாலையில் தனியாக, மற்றவை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் இரவிலும் என்று பிரித்து எழுதினார். போன வாரம் ரிப்போர்ட் வந்தது, எல்லைக்குள் இறங்கிவிட்டது. முந்தாநாள் ஏரியை மூன்று சுற்று நடந்தாள், மூன்றாவது சுற்றில் நான்தான் பின்தங்கினேன்.

டீச்சர் வீட்டுக்கும் போனேன். கதவைத் திறந்ததும் உன் அம்மா பெயரைச் சொல்லி, சுந்தரவல்லிக்கு இப்போ எப்படி இருக்கு என்றுதான் முதலில் கேட்டார். மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை சார், ஆனா எங்க எழுதினீங்களோ அங்கயே எழுதிடுங்க என்றார். கணக்கு டீச்சர் இல்லையா. எழுதினேன், டீச்சர் பலகாரத்தில் ஒரு குறையும் இல்லை, தப்பாக எழுதியவன் நான் என்று பெயர் போட்டு எழுதினேன், என் பெயரையும் சேர்த்து.

உன் அம்மாவிடம் சொன்னதுதான் கடைசி. டாக்டரம்மாவிடம் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பேசியிருந்தேன், வேளையை மாற்றியிருக்கிறார் என்று மட்டும் அவளுக்குச் சொல்லியிருந்தேன். முந்தாநாள் ஏரிக்கரைப் பெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னேன். நாலையும் ஒண்ணாக் குடுத்தப்பவே எனக்குச் சந்தேகமாத்தான் இருந்தது என்றாள். ஏன் கேட்கவில்லை என்று சத்தம் போட்டேன். ரிட்டயர் ஆனதிலிருந்து நீங்க ஒரு மூலையில உட்கார்ந்திருந்தீங்க, ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பாவை நிரப்பறப்பதான் உங்க மூஞ்சி ஆபீஸ் போற காலத்து மாதிரி இருந்தது, அதைக் கெடுக்க மனசு வரலை என்றாள். ஊரில் உள்ள மாவு, சோடா, லேப், மருந்துக்கடை, அடுத்த வீட்டுப் பையன் எல்லாரையும் சந்தேகப்பட்டேன், இந்த ஒன்று என் புத்திக்கு எட்டவே இல்லை. அவள் உடம்பு கரைந்ததே எனக்காகத்தான். இனி சந்தேகம் வந்தால் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டுவிட வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். டப்பாவை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

உனக்கும் அதுதான் சொல்கிறேன். அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்று இருக்காதே, என்னையும் கேள். உன் பவுடர் டப்பாவின் பின்பக்கத்தை அனுப்ப மறக்காதே, டிபனுக்கு இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும். ஸ்ம்ருதிக்கு மாத்திரை எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதே, நான் சொன்னேன் என்றுகூடக் கொடுக்காதே. மாப்பிள்ளைக்கு எங்கள் விசாரிப்பு. நீங்கள் மூவரும் உடம்பில் தெம்பும் வீட்டில் சிரிப்புமாகப் பல்லாண்டு இருக்க வேண்டும், ஸ்ம்ருதிக்கு என் முத்தம்.

நேற்று ஓவனைப் பரணிலிருந்து இறக்கினேன். இன்று காலை உன் அம்மா கேழ்வரகு பிஸ்கட் செய்தாள், டீச்சரும் அங்காளம்மாளும் கூட இருந்தார்கள். என் பங்குக்கு ஆறு கிடைத்தது. சாம்பிள் எடுத்துவைக்கவில்லை, ஆறையும் தின்றுவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
பத்ரிநாராயணன்