மேளக்காரர்கள் மறித்த சந்து

அன்பு மகன் பெர்மினுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும், மாரிசோலும், அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகம். இந்த வரியை நன்றாக மனத்தில் வைத்துக்கொண்டு மீதியைப் படி. சிலி நாட்டுச் சுரங்கத்தில் நீயும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உன் பெண்டாட்டி மாரிசோலுக்கு நம் சகாத்தேகாஸ் ஊரைச் சுற்றிக் காட்டக் கிளம்பினேன். கடற்கரைப் பெண், வந்ததிலிருந்து வீட்டிலேயே கிடக்கிறாளே, வெள்ளி தோண்டிய காலத்துப் பெருமையைப் பார்க்கட்டும் என்றுதான். ஏழு மாச வயித்தோட அவள மேடு ஏத்தாதய்யா என்றாள் உன் அம்மா. நான் கேட்டால்தானே. பேராலயத்து முன்னால் நின்று, பள்ளியில் தூங்கிக்கொண்டே கேட்ட சரித்திரத்தோடு என் சொந்தச் சரக்கையும் சேர்த்து அளந்தேன். பிறகு பழைய சுரங்கம். உள்ளே தொங்குபாலத்தின் நடுவில் அவள் நின்றுவிட்டாள். கீழே கிடுகிடு பள்ளம், பயந்துவிட்டாள் என்று நினைத்து இன்னொரு கதையை ஆரம்பித்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து, மாமா, கொஞ்சம் வாய மூடுங்க, காலையிலேர்ந்து புள்ள அசையவே இல்ல என்றாள். என் வாய் தானாக மூடியது, உன் அம்மாவாலேயே முடியாத காரியம். மருத்துவமனைக்குச் சந்து வழிதான் பக்கம் என்று படிகளில் இறக்கிக் கூட்டிப்போனேன். பாதியில் எதிரே கல்யாண ஊர்வலம். மெஸ்கால் சாராயம் சுமந்த கழுதை, எக்காளம், பெரிய மேளம், சுவரோடு சுவராகக் கூட்டம். திரும்பி ஏற அவளால் முடியாது. வழி விடுங்கடா, புள்ளத்தாச்சி என்று கத்தினேன், யாருக்குக் கேட்கும்? ஒருவன், பெருசு, முறைக்காம ஒரு வாய் போடு என்று நாடா கட்டிய சாராயக் குவளையை என் கழுத்தில் மாட்டிவிட்டான். நான் மேளக்காரனின் கோலைப் பிடுங்கப் பாய்ந்தேன். மாரிசோல் என் கையைப் பிடித்து இழுத்தாள். விடுங்க மாமா, அவர் அடிக்கட்டும் என்று சுவரில் சாய்ந்து, வயிற்றை மேளத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டாள். அவன் அடித்தான். ஒன்றுமில்லை. இன்னும் ஓங்கி அடித்தான். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதைக்குது மாமா என்றாள்.

ஆனாலும் மருத்துவமனைக்குப் போனோம். டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்து வெகுநேரம் கேட்டார். துடிப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் இவளுக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, படியேறக் கூடாது, பயணம் கூடவே கூடாது என்றார். நிமிர்ந்து, பிள்ளையோட அப்பா எங்கே என்றார். பதற்றத்தில் நான், இதோ இருக்கேன் டாக்டர் என்று கையைத் தூக்கிவிட்டேன், கழுத்தில் குவளை ஆட. நர்ஸுகள் சிரித்தார்கள். மாரிசோலும் சிரித்தாள், சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள். உன்னிடம் வாய் திறக்கக் கூடாது, லீவு கிடைக்காமல் தவிப்பாய் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். வாய் திறக்கவில்லை, எழுதுகிறேன்.

மாதா உன்னைக் காக்கட்டும். கீழே இறங்கும்போது தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக் கட்டு. மேலதிகாரியிடம் இன்றே லீவு கேள். டாக்டரம்மா மறுபடி கேட்கும்போது கை தூக்க வேண்டியவன் நீதான்.

உன் அப்பா,
எலெயூத்தேரியோ