உன் தொண்டைக்குள் நான் பார்த்தது

அம்மா,

இன்று காலை கோமு அத்தை வீட்டுப் புறவாசலில் பப்பாளி இலையொன்று ஒடிந்து கிடந்தது. காம்பின் இரு நுனியையும் கிள்ளிவிட்டுக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். விரலில் பால் ஒட்டியது. அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும், நம் அடுப்பங்கரைச் சுவரில் நீ சாய்ந்து உட்கார்ந்திருந்த பகல் திரும்பி வந்துவிட்டது.

அன்றும் இப்படி ஒரு காம்பைத்தான் கொண்டுவந்தேன். குடத்துக்குள் ஒரு புளியங்கொட்டையைப் போட்டு, காம்பு வழியாகப் பார்க்கச் சொன்னேன்.

"ஒண்ணும் தெரியலியேட்டி. இருட்டால்லா கெடக்கு."

"அதுக்குத்தாம்மா டாக்டரம்மா குழல் நுனியில விளக்கு வச்சிருக்காவ."

"வெளக்கையும் முழுங்கணுமாக்கும். என் வயித்துல கார்த்திகை கொண்டாடப் போறாவளா?"

சீமையில் படித்துவிட்டுப் பாளையங்கோட்டைக்கு வந்திருந்த அந்த டாக்டரம்மாவிடம், தொண்டை வழியே இறக்கி உள்ளே பார்க்கும் குழல் ஒன்று இருந்தது. வாள் விழுங்கும் வித்தைக்காரன் ஒருவனை வைத்துத்தான் சீமை வைத்தியர்கள் முதலில் இதைப் பழகினார்கள் என்று பள்ளிக்கூடத்துப் பத்திரிகையில் படித்திருந்தேன். உனக்குத் தைரியம் வரட்டுமென்று அதையும் சொன்னேன். நீ சிரித்தாய். "அவன் வாளையே முழுங்குதான். எனக்குச் சோறு எறங்கமாட்டேங்கு" என்றாய்.

ஆடியில் தொடங்கியது அது. முதலில் சோறு நின்றது. பிறகு குழைத்த சோறு. பிறகு கஞ்சியும் நெஞ்சில் நின்றது. கைவைத்தியம் எதுவும் கேட்காததால், தொக்கம் எடுப்பவளிடம் உன்னை அழைத்துப் போனார் அப்பா. யாராவது கெடுதல் நினைத்துச் சோற்றில் வைத்த முடியோ மருந்தோ தொண்டையில் தங்கிவிடுவதைத்தான் தொக்கம் என்கிறார்கள். அவள் உன் தொண்டைக்குழியில் நாணற்குழலை வைத்து உறிஞ்சி, வெற்றிலையில் துப்பினாள். சுருண்ட முடி கிடந்தது.

"ஒறவுக்காரி கை. விருந்துச் சோத்துல வந்துருக்கு" என்றாள்.

நீ கடைசியாக விருந்து சாப்பிட்டது சேரன்மகாதேவியில், அப்பாவின் தங்கை கோமு அத்தை வீட்டில், அவள் மகனுக்குக் காது குத்திய அன்று. தொக்கம் எடுத்தபின் அத்தை கொடுத்தனுப்பிய எதையும் நீ தொடவில்லை. ஒருநாள் அவளே கஞ்சிச் செம்போடு நம் வாசலுக்கு வந்தாள்.

"மதினி, என் கையை நம்ப மாட்டீளா?"

"பசியில்ல கோமு."

அவள் செம்பைத் தூக்கி, அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக் குடித்துக் காட்டினாள். நீ சுவரைப் பார்த்தபடியே இருந்தாய். அவள் போனபிறகும் அப்படியே இருந்தாய்.

நீ குழலுக்குச் சம்மதித்தது நோய் தீருமென்று நம்பி அல்ல. முந்தின நாள் என் தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாய்: "கோமு வச்சாளா வைக்கலியான்னு தெரிஞ்சாப் போதும்ட்டி. நான் கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து கூடப்பொறந்தவ மாதிரில்லா இருந்தா. டாக்டரம்மா ஆறுதலுக்குச் சொல்லுவா. நீ பாத்துச் சொல்லு."

நானும் பார்க்க ஒப்புக்கொண்ட டாக்டரம்மா, குழல் உள்ளே இருக்கையில் யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். ஆகவே நாம் ஒரு குறிப்பு வைத்துக்கொண்டோம். முடியோ மருந்தோ இல்லையென்றால் நான் உன் கையை அழுத்த வேண்டும்.

தொண்டை மரத்துப்போக மருந்து தடவினார்கள். மேசையில் உன்னை மல்லாத்தி, விளிம்புக்கு வெளியே தொங்கிய உன் தலையை நர்ஸ் தாங்கிக்கொண்டாள். நேரான அந்த உலோகக் குழல் பைய இறங்கியது. உன் கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னை நோக்கித் தலையசைத்தார்.

குனிந்தேன். நெல்மணியளவு விளக்கு. வாழைப்பூ மடலின் உட்புறம் போல ஈரமாய்ச் சிவந்த சுவர். முடி இல்லை. மருந்து இல்லை. இன்னும் கீழே வழி ஒடுங்கி, வெளிறிய சதையொன்று மேடாக வளர்ந்து அடைத்திருந்தது. நிமிர்ந்து டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நீ கேட்டது அதையல்ல. உன் கையை அழுத்தினேன். என் விரல்கள் நோகும்படி நீ திருப்பி அழுத்தினாய்.

மாலையில் தொண்டை தெளிந்ததும் கேட்டாய்: "வேற என்னட்டி பாத்தே?"

"வழி அடைச்சிருக்கும்மா. சதை வளந்திருக்கு."

"அது நெல்லையப்பன் வச்சது. மனுசர் வச்சதில்லையே" என்றாய். பிறகு, "அப்பாட்ட சொல்லி கோமுவைக் கூட்டியாரச் சொல்லு."

அத்தை வடிகட்டிய கஞ்சியோடு வந்தாள். வந்ததும் வராததுமாகச் செம்பைத் தன் வாய்க்கு மேலே தூக்கினாள். நீ எட்டி அவள் கையைப் பிடித்தாய். "எனக்குக் கொண்டாந்ததை நீ ஏன் குடிக்கே?"

அந்த ஒரு வாய்க் கஞ்சியை நீ விழுங்கும்வரை அத்தையும் நானும் உன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கியது.

தை பிறக்குமுன் நீ போய்விட்டாய். இப்போதும் புதிதாக ஏதாவது படித்தால் அடுப்பங்கரைக்கு ஓடிவிடுகிறேன். "ஏட்டி புஸ்தகம், இன்னைக்கு என்ன?" என்று கேட்க அங்கே நீ இல்லை. வாசற்படியில் கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்புகிறேன்.

விடுமுறைக்கு இங்கே அத்தை வீட்டுக்கு வந்திருக்கிறேன். அத்தை யாருக்குப் பரிமாறினாலும் உள்ளங்கையில் கொஞ்சம் குழம்பை ஊற்றி நக்கிவிட்டுத்தான் இலையில் விடுகிறாள். உப்புப் பார்ப்பதாகச் சொல்லிக்கொள்கிறாள். உன்னைத் தவிர வேறு யாரிடமும் நான் இதைச் சொல்ல முடியாது.

இன்று மத்தியானம் அவள் உள்ளங்கையை விரிக்குமுன் நான் வெறுஞ்சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.

"கொளம்பு ஊத்தாமலா திங்கே, கிறுக்கச்சி?"

"ஊத்துங்க அத்தை" என்று இடது கையால் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன், அன்று உன் கையை அழுத்தியது போலவே. நம் குறிப்பு அவளுக்குத் தெரியாது. என்னையே சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கரண்டி நேரே என் இலைக்கு வந்தது.