நடுவரைத் திட்டினால் கடை பெருக்க வேண்டும்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, நம் சலூன், சலூனின் ஆட்டம் காணும் சுழல் நாற்காலி எல்லோரும் சுகம். உன் சுகத்தை ஒரு வரியிலும் உன் வலது முழங்காலின் சுகத்தைத் தனி வரியிலும் எழுது. இரண்டையும் சேர்த்து "நல்லா இருக்கேன்பா" என்று எழுதி என்னை ஏமாற்றப் பார்க்காதே. நேற்று போனில் பேசினோம்தான், ஆனால் அது ஒரு பேச்சா, கடை முழுக்க ஆட்கள், ஆளாளுக்குக் கூச்சல், மனதில் இருந்தது ஒன்றும் வாய்க்கு வரவில்லை. அதனால்தான் காலையில் கடையைத் திறக்கும் முன் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் தம்பி இதைப் படம் எடுத்து அனுப்பிவிடுவான். கையெழுத்து புரியாவிட்டால் பெரிதாக்கிப் பார், எதையும் பெரிதாக்கி மெதுவாக ஓட்டிப் பார்ப்பதுதானே கால்பந்து நடுவர்களான உங்கள் வேலை.

வீட்டுச் செய்தி என்று பார்த்தால், உன் தம்பி மீசை வளர்க்கிறான். அதை மீசை என்று அவன் சொல்கிறான், தொழில் தெரிந்தவன் நான் சொல்ல மாட்டேன். உன் அத்தை, நீ டிவியில் வருவதைப் பார்த்துப் பூரித்துப்போய், தன் பேரனுக்கு ஒரு விசில் வாங்கிக் கொடுத்துவிட்டாள். இப்போது அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக உட்கார முடியவில்லை, சோற்றை அதிகம் வைத்தால்கூட விசில் அடித்து அட்டையைக் காட்டுகிறானாம், போன வாரம் உன் மாமாவை அடுப்படியை விட்டே வெளியேற்றிவிட்டான். உன் அம்மா வழக்கம் போலத்தான். நீ ஊதும் ஆட்டம் என்றால் டிவி பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள், கடைக்குப் பின்னால் சமையலறையில் நின்று விசிலை மட்டும் கேட்பாள். சத்தத்தை வைத்தே நீ கோபமாக ஊதினாயா சாதாரணமாக ஊதினாயா என்று சொல்லிவிடுகிறாள்.

சரி, நேற்றைய கதைக்கு வருகிறேன். நம் கடைக் கண்ணாடிக்கு மேலே மாட்டியிருக்கும் பலகை உனக்குத் தெரியும். நீ விசிலைக் கையில் எடுத்த புதிதில், நீ யார் மகள் என்று தெரியாமல் ஒருத்தன் என் நாற்காலியிலேயே உட்கார்ந்து உன்னை வாய்க்கு வந்தபடி பேசினான், அன்றைக்கு மாட்டியது. ஆட்டக்காரனைத் திட்டலாம், பயிற்சியாளரைத் திட்டலாம், மழையைத் திட்டலாம், நடுவரைத் திட்டினால் கடை பெருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அதிகம் பெருக்கியது நம் மெக்கானிக்தான். பெரிய ஆட்டம் என்றால் இப்போதெல்லாம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே உள்ளே வருகிறான்.

அந்த மெக்கானிக்குக்கு உங்கள் விதியைப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. நம் நாட்டு ஆட்டத்தை நீயே ஊதுவாய், நமக்கு ஒன்றிரண்டு கோல் பார்த்துப் போட்டுக் கொடுப்பாய் என்றே நினைத்துக்கொண்டிருந்தான். சொந்த நாடு ஆடும் ஆட்டத்தில் அந்த நாட்டு நடுவரை நிறுத்த மாட்டார்கள் என்று சொன்னேன். நம் அணி அரையிறுதியில் தோற்றால் இறுதிப் போட்டி விசில் பெரும்பாலும் உனக்குத்தான் என்று உன்னோடு கோட்டோரம் கொடி பிடிக்கும் தோழி சொன்னதையும் சொன்னேன். அவன் நுரை பூசிய முகத்தோடு யோசித்துவிட்டு, "அப்போ நம்ம ஜெயிச்சா பாப்பா வீட்டுக்கு வந்துடணுமாண்ணே" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அடுத்த முறை இந்தப் போட்டி வரும்போது உன் முழங்கால் உன்னை ஓடவிடாது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மழையில் ஓடிப் பழகியது, சொந்தக்காரர் கல்யாணத்துக்கெல்லாம் வராமல் இருந்தது, பாட்டில் வீச்சு வாங்கியது எல்லாம் இந்த ஒரு ஆட்டத்துக்காகத்தானே.

ஆக நேற்று நான் வாயால் நம் அணிக்குக் கத்திக்கொண்டு மனதால் எதிரணிக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். மெக்கானிக் நாற்காலியில் பாதி சவரத்தோடு இருந்தான். எதிரணி முதல் கோல் போட்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் கை தட்டினேன், தொழிலை மறக்கவில்லை. ஆனால் தட்டிவிட்டேன். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். கொசு என்றேன். மெக்கானிக் திரும்பி, "அவ்ளோ பெரிய கொசுவாண்ணே" என்று கேட்டான்.

அப்புறம் நம் பிள்ளைகள் சமன் செய்தார்கள். ஆட்டம் முடியப்போகிற சமயத்தில் எதிரணிக்காரன் கையில் பந்து பட்டது, நடுவர் ஓடிவந்து பெனால்டி என்று கையைக் காட்டினார். எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை கண்ணு. "உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாடா, அது பெனால்டியாடா" என்று டிவிக்கு முன்னால் போய் நின்று கத்திவிட்டேன். மெக்கானிக் என்னைப் பார்க்கவில்லை, மெதுவாக நிமிர்ந்து பலகையைப் பார்த்தான். மற்றவர்களும் பார்த்தார்கள். அதற்குள் நம் ஆள் பந்தை வலைக்குள் அடித்துவிட்டான். தெருவெல்லாம் வண்டிச் சத்தம், கடைக்குள் ஒருவரை ஒருவர் தூக்கிச் சுற்றுகிறார்கள். நான் கதவுக்குப் பின்னால் போய்த் துடைப்பத்தை எடுத்தேன். மெக்கானிக் பாதி தாடியோடு ஓடிவந்து, "கொடுங்கண்ணே, இன்னிக்கு நான் பெருக்குறேன்" என்று பிடுங்கப் பார்த்தான். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றேன். அவன் முறத்தைப் பிடித்துக்கொண்டு என்கூடவே வந்தான்.

அந்த நேரத்தில்தான் நீ கூப்பிட்டாய். எல்லோரும் கேட்கட்டும் என்று மெக்கானிக் ஸ்பீக்கரைப் போட்டான். நான் எடுத்ததும் அது பெனால்டியே இல்லை, அந்த ஆள் தப்பாக ஊதிவிட்டான் என்றேன். நீ ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ, "இல்லப்பா, கை உடம்பை விட்டு விலகித்தான் இருந்துச்சு. நான் அங்க நின்னிருந்தாலும் ஊதியிருப்பேன்" என்றாய். தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் கீழே இறக்கிவிட்டார்கள். அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி, அம்மா சாப்பிட்டாளா என்று கேட்டாய்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அந்த மைதானத்தின் நடுவில் நீ நிற்பதைப் பார்க்க ஆசைப்பட்டேன், அந்த ஆசை ஒரு இரவில் போய்விடாது. ஆனால் உன்னைத் திட்டின வாய்களுக்கெல்லாம் இத்தனை வருஷம் முடிவெட்டிக்கொண்டே நான் சொல்லத் தெரியாமல் நின்ற பதிலை, நீ ஒரு வரியில் சொல்லிவிட்டாய். எனக்குப் பெருமையாக இருந்தது, அழுகையும் வந்தது, முடித்தூசி கண்ணில் விழுந்ததென்று சொல்லிச் சமாளித்தேன். உன் அம்மா, "வரட்டும், வந்து நல்லாத் தூங்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய், கழுவிய தட்டுகளையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். நான் தொந்தரவு செய்யவில்லை.

பையை வலது தோளில் மாட்டாதே, விமானத்தில் காலை மடக்கியே உட்காராதே, நடுநடுவில் எழுந்து நட. உன்னை அழைக்க மெக்கானிக் தன் காரில் வருகிறானாம். ஊர் வண்டியெல்லாம் ஓடவைப்பவன், சொந்த வண்டி மட்டும் தள்ளினால்தான் கிளம்பும், நீ இறங்கித் தள்ளக் கூடாது, தம்பி தள்ளட்டும். நீ ஓடிய ஓட்டமெல்லாம் உனக்குத் துணையாக நிற்கும், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு.

மறக்காதே, இறுதிப் போட்டியன்று டிவிக்கு நேர் எதிரே உள்ள சுழல் நாற்காலி உனக்கு. பலகை அதே இடத்தில்தான் இருக்கும். உன் இடத்தில் யார் வந்து ஊதினாலும் நீ அவரைத் திட்ட மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நான் திட்டுவேன். அன்றைக்கும் கடையை நானே பெருக்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா