கடைசி ஆள் வரப்பேறும் வரை

டெலிபோன் கேபிள் பதிக்கிறார்கள் என்று நம் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். தார் போய், ஜல்லி போய், கொட்டி நிரவிய செம்மண்ணும் போன பிறகு அடியிலிருந்து கறுப்புக் களிமண் வந்தது. காலையில் கதவைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. எதிர்வீட்டு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சாக்கடை உடைந்துவிட்டது போலிருக்கிறது என்றார். சாக்கடை இல்லை. அது நடவுச் சேறு. மேலே இத்தனை வீடு வந்தும் அடியில் அப்படியே கிடந்திருக்கிறது. நீ இருந்திருந்தால் குழி ஓரம் உட்கார்ந்து ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்திருப்பாய். எதிர்வீட்டு அம்மாவுக்கும் ஒரு பிடி கொடுத்திருப்பாய், உன் குறும்பு எனக்குத் தெரியாதா.

நீயும் நானும் ஒரே வருடம் இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தோம். கொரட்டூர் ஏரித் தண்ணீர் அப்போது இதுவரை பாய்ந்தது. வந்த வாரமே நம்மைச் சேற்றில் இறக்கிவிட்டார்கள். அந்த நாளெல்லாம் பொன்னான நாள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இடுப்பு ஒடியும், கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் ஆறாது, நிலத்துக்காரர் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நிற்பார். ஆனாலும் நடவுக்காரிகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக்கொண்டு பின்பக்கமாகவே நகர்ந்து நடுவோம். முதலில் முடித்தவள் வரப்பேற மாட்டாள். திரும்பிப் போய்ப் பின்தங்கியவள் பங்கில் கை வைப்பாள். கடைசி ஆள் வரப்பேறும் வரை யாரும் ஏறக் கூடாது. கூலி எல்லோருக்கும் ஒன்றாகத்தான் வரும், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

பின்தங்குகிறவள் எப்போதும் கன்னியம்மா அக்காதான். நம்மைவிட மூத்தவள், புருஷன் இல்லாதவள், முட்டி வீங்கிக்கொண்டே இருக்கும். முதலில் முடிக்கிறவள் எப்போதும் நீ. முடித்த கையோடு அவள் பக்கம் போய், "தள்ளிக்கோக்கா" என்பாய். அவள் தள்ளிக்கொள்வாள். அதற்கு மேல் ஒரு பேச்சும் இருக்காது.

பிறகு ஏரிக் கால்வாயை அடைத்து வீடுகள் வந்தன. பக்கத்துத் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் கம்பெனிகள் பெருகின, ஆண்கள் யாரும் ஏர் பிடிக்க வரவில்லை. நிலத்துக்காரரின் பிள்ளைகளே வயலில் இறங்க வெட்கப்பட்டார்கள். காணிக் கணக்கில் இருந்த நிலம் கிரவுண்டுக் கணக்கில் மனை ஆனது. நாம் கடைசியாக நட்ட நிலத்தில் அறுப்பு முடிந்ததும் வெள்ளையடித்த கல்லை வரிசையாக நட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு, "நம்மளவிட நேரா நட்டுகீறாங்கடி" என்று சொல்லிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதம் அடுப்பு எப்படி எரியும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சட்டை தைக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அக்காவோடு மூன்று பேராகப் போனோம். முதலில் நூல் வெட்டும் வேலை. சாப்பாட்டு நேரத்தில் கெஞ்சிக் கூத்தாடி மிஷின் பழகி, சட்டைக்கு மணிக்கட்டுப் பட்டி தைக்கிற இடத்தில் மூவரும் அடுத்தடுத்து உட்கார்ந்தோம். தலைக்கு மேல் மின்விசிறி, காலடியில் காய்ந்த தரை, மாதம் பிறந்தால் சம்பளம். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. எதிரே ஒரு கரும்பலகை மட்டும் இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒருத்தி எத்தனை பட்டி தைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும்.

கன்னியம்மா அக்கா அங்கேயும் பின்தங்கினாள். நீ அங்கேயும் முதலில் முடித்தாய். முடித்ததும் கையை நீட்டி அவளுடைய பண்டலிலிருந்து கொஞ்சம் உருவிக்கொள்வாய். "தள்ளிக்கோக்கா" என்று அங்கேயும் சொன்னாய், மிஷின் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கும். பல மாதம் யாரும் கவனிக்கவில்லை.

ஒருநாள் சூப்பர்வைசர் உன் பின்னால் வந்து நின்றார். சின்ன வயதுப் பையன், அதட்டிப் பேசத் தெரியாதவர். உன் வேலை முடிந்துவிட்டதா என்று கேட்டார். நிலத்துக்காரரிடம் சொல்வதுபோல் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாய்.

"எப்பவோ முடிஞ்சிச்சு சார். அக்கா கொஞ்சம் மெதுவா தைக்கும், அதான் கை குடுக்கறேன்."

அவர் சிரித்தார். வெரிகுட் என்றுகூடச் சொன்னார். வீடு திரும்பும்போது, நல்ல பையன்டி என்று நீ அவரைப் புகழ்ந்துகொண்டே வந்தாய். வயலில் அந்தப் பதிலுக்கு ஒரு வெற்றிலை கிடைத்திருக்கும். இங்கே அந்த ஒரு பதிலில், உன் கையில் நேரம் மிச்சம் இருப்பதையும் அக்கா கையில் வேகம் இல்லாததையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்துவிட்டாய். நமக்கு அது அன்றைக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் கரும்பலகையில் கணக்கு ஏறியது. ஒருத்தி முடித்துவிட்டு அடுத்தவளுக்கும் தைக்கிறாள் என்றால் எல்லோராலும் இன்னும் முடியும்தானே என்பது கம்பெனியின் நியாயம். கன்னியம்மா அக்காவை ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கணக்கு முடித்து வேலையைவிட்டு அனுப்பினார்கள். சாப்பாட்டு நேரத்தில் தையல் லைன் முழுக்க உனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தது. நான் மட்டும் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ டப்பாவைத் திறக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் நாம் அக்கா வீட்டுக்குப் போனோம். அவள் உள்ளே வரச் சொல்லவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ உன் வேலைய பாத்துகினு இருந்தினா நான் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிகினு இருந்திருப்பேன். உன்ன யாரு கேட்டா?"

கத்தவில்லை, திட்டவில்லை. அலுப்போடு சொன்னாள். எனக்கு அதுதான் இன்னும் தாங்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் நீ ஒரே கேள்வியைக் கேட்டாய்.

"நான் இன்னாடி தப்பு பண்ணேன்?"

மறுநாளிலிருந்து நீ கம்பெனிக்கு வரவில்லை. எனக்குப் பிள்ளைகள் இருந்தார்கள், நான் போனேன். பக்கத்து மிஷினைத் திரும்பிப் பார்க்காமல் தைக்கப் பழகிக்கொண்டேன். சீக்கிரம் முடிந்தால் முடியாததுபோல் கையை ஓட்டிக்கொண்டிருக்கவும் லைன் முழுக்கக் கற்றுக்கொண்டது.

நீ புது வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போனாய். எல்லாம் நாம் நட்ட நிலத்தில் எழும்பிய வீடுகள். ஒருமுறை ஒரு வீட்டுச் சமையலறையைக் காட்டி, "இங்கதான்டி மடை இருந்துச்சு, இப்பவும் இந்த ஊட்ல தண்ணி நிக்குது" என்றாய். கன்னியம்மா அக்கா மகளோடு ஆவடிப் பக்கம் போய்விட்டாள், உன்னோடு அவள் பிறகு பேசவே இல்லை. உனக்கு மூச்சிரைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அக்காவுக்குச் சொல்லியனுப்பவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாய். பிறகு கண்ணை மூடிக்கொண்டாய். போன மழைக்காலத்தில் உன்னைக் கொண்டுபோய்ப் புதைத்தோம்.

இப்போது தெருவில் கேபிள் குழி தோண்டுகிறவர்கள் தெலுங்குக்காரர்கள், ஆணும் பெண்ணுமாக வந்திருக்கிறார்கள். மேஸ்திரி சுண்ணாம்புக் கோடு போட்டு ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து விட்டிருக்கிறார். இன்று மத்தியானம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்னப் பெண் தன் பங்கை முடித்து முகத்தைத் துடைத்தாள். மேலே ஏறவில்லை. கோட்டைத் தாண்டி, பக்கத்தில் திணறிக்கொண்டிருந்த பெரியவளிடம் போய் ஏதோ சொன்னாள். எனக்குத் தெலுங்கு அவ்வளவாக வராது. ஆனால் பெரியவள் தள்ளிக்கொண்டாள்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். மேஸ்திரி எந்தப் பக்கம் இருக்கிறார் என்றுதான் முதலில் தேடினேன். முனை டீக்கடையில், முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. நான் உள்ளே போகவில்லை. அந்தப் பெரியவள் குழியை விட்டு ஏறும் வரை டீக்கடையைப் பார்த்தபடியே வாசலில் நின்றேன்.