கலினா கட்டிய நூல்

வலென்சியா, மார்ச் 3

அன்புள்ள ஒக்னியான்,

உன் இருமல் நின்றதா? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையுமில்லை.

மார்ச் முதல் தேதி, அச்சகத்தில் என்னோடு ஆரஞ்சுப் பெட்டிகளுக்கு லேபிள் வரையும் ஐந்து பேருக்கும் சிவப்பும் வெள்ளையுமாக நூல் முறுக்கி, நம் ஊர் வழக்கப்படி மணிக்கட்டில் மார்த்தெனிட்சா கட்டிவிட்டேன். "பூத்த மரத்தைப் பாக்குற வரைக்கும் கழட்டக் கூடாது. பாத்ததும் அந்த மரத்துலயே கட்டிடணும்" என்றேன்.

அவர்களில் ஒருத்தி, அம்பாரோ, ஜன்னலைத் திறந்தாள். "அடிப் பைத்தியமே, அங்க பாரு!"

வாசலில் பீச் மரம் பூத்து நிற்கிறது. தினமும் அதனடியில்தான் சைக்கிளை நிறுத்துகிறேன். ஆனால் என் தலைக்குள் இன்னும் நம் ஊர்ப் பனிதான். ஐந்தே நிமிடத்தில் ஐந்து நூலும் கிளையில் தொங்கின. எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

"உன்னோடதையும் கழட்டு" என்றாள் அம்பாரோ. மாட்டேன், இது எங்க ஊர் மரம் பூத்தாத்தான் என்றேன். ஜனவரியில் நான் பஸ் ஏறும்போது, "மார்ச்ல நீ இருக்க மாட்டியேம்மா, இப்பவே கட்டிக்கோ" என்று நம் கலினா கட்டிவிட்டது அது.

ஈஸ்டருக்கு விடுப்பு இல்லையாம். அவளிடம் நீயே பக்குவமாகச் சொல். என் சின்னக் கத்தரிக்கோலை அனுப்பு. அவளுக்கும் ஒன்று முறுக்க வேண்டும்; அவள் மணிக்கட்டை ஒரு நூலால் அளந்து, அந்த நூலையும் உறைக்குள் வை. அளவு எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். ஒன்று மட்டும்: நம் வீட்டுப் பிளம் மரம் பூத்தால் படம் அனுப்பாதே. பார்த்துவிட்டால் இதைக் கழற்ற வேண்டியிருக்கும்.

உன்
ஸ்த்ராவ்கா